மஞ்சள் ரோஜா கொடுத்தால் சண்டை வருமா? விக்டோரியா காலத்துப் பூமொழி பற்றி

கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1860-ல் லண்டனில் நடக்கும் ஒரு கதையை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். வெளிப்படையாகப் பேச வழியில்லாத இரண்டு பேர் பூங்கொத்து அனுப்பியே காதலைச் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்காக 'பூக்களும் அர்த்தங்களும்' என்று தேடினால் இடத்துக்கு ஒரு பட்டியல் கிடைக்கிறது, மஞ்சள் ரோஜாவுக்குக்கூட ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. இதில் எது சரியான பட்டியல், அந்தக் காலத்தில் நிஜமாகவே இப்படிப் பேசிக்கொண்டார்களா என்பது உங்கள் கேள்வி.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அநேகமாக இல்லை. எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று பட்டியல் போட்ட பூமொழிப் புத்தகங்கள் இருந்தன, ஏராளமாக விற்றன, பரிசாகக் கைமாறின. அதெல்லாம் உண்மை. ஆனால் அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கொத்துக் கட்டி, எதிராளி அதே புத்தகத்தைப் புரட்டிப் படித்துப் பதில் கொத்து அனுப்பினார் என்பதற்குத் தேடினாலும் ஆதாரம் கிடைப்பதில்லை. பெவர்லி சீட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கா மூன்றிலும் வந்த இந்தப் புத்தகங்களைக் குடைந்து 1995-ல் ஒரு வரலாறு எழுதினார். அவர் வந்து சேர்ந்த இடமும் இதுதான். அவருக்கு இரண்டு வருடம் முன்பு, பூக்களின் பண்பாட்டு வரலாற்றை எழுதிய மானுடவியலாளர் ஜாக் கூடியும் கிட்டத்தட்ட இதையே சொன்னார்.

அப்படியானால் பட்டியல்கள் எங்கிருந்து வந்தன? அந்தக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

லேடி மேரி வொர்ட்லி மாண்டேகு என்ற ஆங்கிலேயப் பெண்மணி, கணவர் துருக்கியின் ஒட்டோமான் அரசவைக்குத் தூதராகப் போனபோது கூடப் போனார். அங்கிருந்து ஊரில் இருந்த தோழிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். (பெரியம்மை வராமல் தடுக்க அங்கே அம்மைச் சீழைக் கீறி ஏற்றும் முறையைக் கண்டு தன் மகனுக்கே போடவைத்தவர் இவர்தான்.) 1718-ல் எழுதிய ஒரு கடிதத்தில், நீ கேட்ட துருக்கிக் காதல் கடிதத்தை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன் என்கிறார். அந்தக் காதல் கடிதத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. ஒரு முத்து, ஒரு கிராம்பு, ஒரு பூ, ஒரு துண்டுக் காகிதம், பேரிக்காய், சோப்பு, கரி, ரோஜா, வைக்கோல், மிளகு என்று பொருள்களாகவே இருந்தன. இப்படி விரலில் மை படாமலே சண்டை போடலாம், கெஞ்சலாம், செய்திகூட அனுப்பலாம் என்று வியக்கிறார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பேரிக்காய்க்குத் துருக்கி மொழியில் 'அர்முட்'. அதைப் பார்த்ததும் பெறுபவர் நினைவுக்கு வர வேண்டிய வரி 'உமுட்' என்று முடியும். உமுட் என்றால் நம்பிக்கை. எனவே பேரிக்காய் வந்தால் 'எனக்கு ஒரு நம்பிக்கை கொடு' என்று அர்த்தம். மிளகு 'பிபெர்', அதற்கான வரி 'ஹபெர்' என்று முடியும், அதாவது 'பதில் அனுப்பு'. ரோஜாவுக்குப் பெயர் 'குல்'. சிரி என்பதற்கும் அதே சொல்தான். 'நான் அழுகிறேன், நீ சிரி' என்பது ரோஜாவின் வரி. ஆக, பேரிக்காய்க்கும் நம்பிக்கைக்கும் குணத்தில் எந்த உறவும் கிடையாது. இது முழுக்க முழுக்க எதுகை விளையாட்டு. தமிழில் செய்து பார்த்தால், மாங்காய் ஒன்றை அனுப்பிவைத்து 'என்னை விட்டு நீங்காய்' என்று புரிந்துகொள்ளச் சொல்வது மாதிரி. தமிழ் தெரியாத ஒருவர் அந்த மாங்காயைப் பார்த்து, 'ஓகோ, தமிழர்களுக்கு மாங்காய் என்றால் பிரியாமையின் சின்னம் போலிருக்கிறது' என்று எழுதிவைத்தால் எப்படி இருக்கும்? ஐரோப்பாவில் அதுதான் நடந்தது.

லேடி மேரி 1762-ல் இறந்தார். கடிதங்கள் அடுத்த வருடம் அச்சில் வந்தன, நன்றாகப் பரவின. அந்தப்புரத்துப் பெண்கள் காவலர் கண்ணில் மண்ணைத் தூவிக் காதலனுக்குப் பூ அனுப்புகிறார்கள் என்ற கற்பனை ஐரோப்பிய வாசகருக்குச் சர்க்கரைப் பொங்கலாக இனித்தது. யோசப் ஃபான் ஹாமர் என்ற ஆஸ்திரியக் கீழைமொழி அறிஞர், தானே கான்ஸ்டாண்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பணியில் இருந்தவர், 1809-ல் இதை மறுத்து எழுதினார். ரகசியக் காதல் மொழி என்பதெல்லாம் சரியில்லை, அந்தப்புரத்துக்குள் பெண்கள் பொழுதுபோக்குக்காக ஆடும் விளையாட்டு இது, எல்லாம் எதுகையில் நடக்கிறது என்றார். சரியான விளக்கம்தான். ஆனால் சுவாரசியமான தவறான விளக்கம் ஒன்று ஏற்கனவே ஊரைச் சுற்றிவிட்டது.

அடுத்த நிறுத்தம் பாரிஸ். 1819-ல் 'ஷார்லட் த லாத்தூர்' என்ற பெயரில் பூக்களின் மொழி என்றே தலைப்பிட்ட ஒரு புத்தகம் வந்தது. அது புனைபெயர், எழுதியவர் லூயிஸ் கார்தாம்பேர் என்று சொல்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் பட்டியல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாட்டி இந்தப் புத்தகம். துருக்கி எதுகை பிரெஞ்சில் ஒலிக்காது, எனவே அர்த்தங்களைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் கிரேக்கப் புராணத்திலிருந்து எடுத்தார்கள். தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தே செத்துப்போன நார்சிஸஸ் பெயர் கொண்ட பூவுக்குத் தன்மோகம் என்று வைத்தார்கள். கொஞ்சம் செடியின் குணத்திலிருந்து வந்தது. தொட்டாற்சிணுங்கிக்கு என்ன அர்த்தம் இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இன்னும் கொஞ்சம் பிரெஞ்சுச் சிலேடை. பான்சிப் பூவுக்குப் பிரெஞ்சில் 'பான்ஸே'. நினைவு, எண்ணம் என்பதற்கும் அதே சொல். சாமந்தி போலிருக்கும் காலெண்டுலாவுக்குப் பெயர் 'சூசி'. கவலை என்பதற்கும் அதே 'சூசி'. எனவே அந்தப் பூவுக்குத் துயரம் என்று அர்த்தம் எழுதினார்கள். பிறகு புத்தகம் கடல் தாண்டி ஆங்கிலத்துக்குப் போனபோது, ஆங்கிலப் பெயர் மேரிகோல்டு என்பதில் கவலையும் இல்லை, சிலேடையும் இல்லை. பளபளவென்று பொன் நிறத்தில் பூக்கும் அந்தப் பூவுக்கு 'துயரம்' என்ற அர்த்தம் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. துருக்கியிலிருந்து பிரான்ஸ் வந்தபோது எதுகை உதிர்ந்தது, பிரான்சிலிருந்து இங்கிலாந்து போனபோது சிலேடை உதிர்ந்தது. கடைசியில் காரணமில்லாத ஒரு பட்டியல் மிஞ்சியது. 'இந்தப் பூவுக்கு ஏன் இந்த அர்த்தம்?' என்று இன்று பலர் மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான்.

லாத்தூர் வெறும் அகராதியோடு நிற்கவில்லை, இலக்கணமும் எழுதினார். முள்ளும் இலையுமாக ஒரு ரோஜா மொட்டைக் கொடுத்தால் 'பயப்படுகிறேன், ஆனாலும் நம்புகிறேன்'. வாங்கியவர் அதைத் தலைகீழாகப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தால் 'பயமும் வேண்டாம், நம்பிக்கையும் வேண்டாம்'. முள்ளைக் கிள்ளிவிட்டுக் கொடுத்தால் 'நம்பலாம், எல்லாம் நல்லபடி இருக்கிறது'. இலையைக் கிள்ளிவிட்டால் 'பயப்பட எல்லாம் இருக்கிறது'. இதுவரை அழகு. ஆனால் அதே காலெண்டுலாவைத் தலையில் வைத்தால் மனக்குழப்பமாம், இதயத்தின் மேல் குத்திக்கொண்டால் காதல் வேதனையாம், மார்பில் வைத்தால் சலிப்பாம். இதயத்துக்கும் மார்புக்கும் நடுவே எத்தனை அங்குலம்? ஊசி கொஞ்சம் நழுவினால் காதல் சலிப்பாகிவிடும். இதை எழுதியவரே சிரித்துக்கொண்டுதான் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் ஹென்றி பிலிப்ஸ் 1825-ல் ஒன்று போட்டார். லாத்தூரை ஆங்கிலத்தில் 1834-ல் கொண்டுவந்தவர் ஃப்ரெடரிக் ஷோபெர்ல். இவர் அதற்கு முன்பே வருடா வருடம் கிறிஸ்துமஸ் பரிசுக்காக வெளியான ஓர் அழகான ஆண்டுமலருக்கு ஆசிரியராக இருந்தவர். அந்த மலரின் பெயர் 'ஃபர்கெட் மீ நாட்', அதுவும் ஒரு பூவின் பெயர்தான். இந்த ஒரு தகவலிலேயே விஷயம் அடங்கிவிடுகிறது. பூமொழிப் புத்தகங்கள் பரிசுப் புத்தகச் சந்தையின் சரக்கு. கையடக்க அளவு, வண்ணப்படம், ஓரத்தில் தங்கப்பூச்சு, பூவுக்கு ஒரு கவிதைத் துணுக்கு. ஒரு இளைஞன் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் யாரும் முகம் சுளிக்காத பொருள். வீட்டுப் பெண்களுக்குத் தாவரவியல் ஏற்ற படிப்பு என்று கருதிய காலம் அது. ஆனால் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் வகைப்பாடு மகரந்தத்தாள், சூலகம் என்று எண்ணி எண்ணிச் செடிகளின் 'திருமணம்' பற்றிப் பேசியது சிலருக்குச் சங்கடம். அந்தச் சங்கடமே இல்லாத தாவரவியல் இந்தப் புத்தகங்களில் கிடைத்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். எலிசபெத் விர்ட் 1829-ல் பெயர் போடாமல் 'ஒரு சீமாட்டி' என்று ஒன்று வெளியிட்டார், சாரா ஜோசஃபா ஹேல் 1832-ல் இன்னொன்று.

எல்லோருக்கும் இன்று தெரிந்தது மட்டும் மிகவும் பிந்தி வந்தது. கேட் கிரீனவே படம் வரைந்து, எட்மண்ட் எவன்ஸ் வண்ணத்தில் அச்சிட்டு, ரட்லெட்ஜ் 1884-ல் வெளியிட்ட சிறு புத்தகம் அது. படங்கள் அவ்வளவு அழகு. (கிரீனவேயின் நெருங்கிய நண்பரும் கலை விமர்சகருமான ரஸ்கினுக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு எதுதான் பிடித்தது?) அர்த்தங்களை கிரீனவே தானாக உண்டாக்கவில்லை, ஏற்கனவே புழங்கிய பட்டியல்தான். அதை மெதுவாக ஒரு முறை முழுதும் படித்தால் இது காதலர் மொழி என்ற மயக்கம் தெளிந்துவிடும். முட்டைக்கோஸ் என்றால் லாபம். உருளைக்கிழங்கு என்றால் நல்லெண்ணம். டர்னிப் என்றால் தர்மம். லெட்யூஸ் கீரைக்கு இரக்கமற்ற மனம். தர்பூசணிக்குப் பருமன்! எந்தக் காதலன் தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு போய் நீட்டியிருப்பான்? சிவப்பு ஜெரேனியத்துக்கு ஆறுதல் என்றும் போட்டிருக்கிறது, முட்டாள்தனம் என்றும் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. துக்க வீட்டுக்கு அதை எடுத்துப் போகிறவர் பாடு திண்டாட்டம்.

நமக்குப் பழக்கமான பூக்களைத் தேடினால் இன்னும் வேடிக்கை. தாமரைப்பூவுக்கு விலகிப்போன காதல். நாம் மாலை கட்டும் நிலச்சம்பங்கிக்கு ஆபத்தான இன்பங்கள். ஆயுத பூஜைக்கு வண்டி வண்டியாக இறங்கும் செண்டுமல்லி இருக்கிறதே, அதற்குக் கொச்சையான மனம். மெக்சிகோவில் பிறந்து, ஆங்கிலத்தில் 'ஆப்பிரிக்க' மேரிகோல்டு என்று பெயர் வாங்கி, கடைசியில் இந்தப் பட்டமும் அதற்குக் கிடைத்தது. அரளிக்கு மட்டும் 'ஜாக்கிரதை' என்று எழுதியிருக்கிறார்கள். விஷச் செடி என்பதால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நீங்கள் குறிப்பாகக் கேட்ட மஞ்சள் ரோஜா, லாத்தூர் வழியில் துரோகம். கிரீனவே பட்டியலில் குறைந்துபோன காதல், பொறாமை. இரண்டும் நல்ல செய்தி கிடையாது என்றாலும், ஒரு பெண் 'உன் மேல் பிரியம் குறைந்துவிட்டது' என்று சொல்ல நினைத்து, பெற்றவன் 'நீ துரோகி' என்று படித்தால் கதை வேறு பக்கம் போய்விடும் அல்லவா?

இதில்லாமல் நடைமுறைச் சிக்கல்கள் வேறு. பூக்களுக்குப் பருவம் உண்டு. நம்பிக்கையைச் சொல்லும் ஸ்னோடிராப் இங்கிலாந்தில் ஜனவரி, பிப்ரவரியில் பூத்து ஓய்ந்துவிடும். ஆகஸ்டில் நம்பிக்கை வந்தவன் என்ன செய்வான்? கண்ணாடி மீதான வரி 1845-ல் ரத்தான பிறகு பசுமைக்குடில்கள் பெருகின, ரயிலில் பூ வந்தது, ஆனாலும் எல்லாப் பூவும் எல்லா நாளும் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியமானது ஒன்று. கடையில் விற்கும் புத்தகத்தில் இருக்கும் ரகசியம் என்ன ரகசியம்? மகளிடம் இருக்கும் அதே புத்தகம்தான் அம்மாவின் மேசையிலும் இருக்கும். கூடவே துணைக்கு வரும் அத்தைக்குப் பட்டியல் மனப்பாடமாகவே தெரிந்திருக்கும்.

தெருவில் பூ விற்றவர்கள் பக்கம் கொஞ்சம் பாருங்கள். பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ லண்டன் ஏழைகளைப் பேட்டி எடுத்து எழுதியதில், ட்ரூரி லேன் பக்கத்தில் குடியிருந்த, பெற்றோர் இல்லாத அக்கா தங்கை இருவர் வருகிறார்கள். அக்காவுக்கு 15 வயது, தங்கைக்கு 11. கோவென்ட் கார்டன் சந்தையில் பூ வாங்கி, பிரித்து, கோரையால் சின்னச் சின்னக் கொத்தாகக் கட்டி, சுற்றிக் காகிதம் வைத்து, கொத்து ஒரு பென்னி என்று விற்றார்கள். பூ கிடைக்காத நாளில் ஆரஞ்சு. இரவில் ரொட்டியும் தேநீரும், எப்போதாவது ஒரு ஹெரிங் மீன். அன்று சந்தைக்கு வந்த பூதான் கொத்தில் இருக்கும். லண்டனில் பலர் பூ வாங்கியது இந்த மாதிரிப் பிள்ளைகளிடம்தான். 'வெறுப்பு' என்று சொல்ல எனக்குத் திருநீற்றுப்பச்சை வேண்டும், 'அவநம்பிக்கை'க்கு லாவண்டர் வேண்டும் என்று அவர்களிடம் போய் நின்றிருக்க முடியாது.

இதனால் அந்தக் காலத்தில் பூக்கள் பேசவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே பேசின, அகராதியின் தயவு இல்லாமல் பேசின. விக்டோரியா மகாராணி 1840 பிப்ரவரி 10 அன்று கல்யாணத்துக்கு ஆரஞ்சு மரத்துப் பூவால் ஆன வளையத்தைத் தலையில் அணிந்தார். அதன் பிறகு மணப்பெண் என்றால் ஆரஞ்சுப் பூ என்றாகிவிட்டது. நிஜப் பூ வாங்க முடியாதவர்கள் மெழுகில் செய்ததை வைத்துக்கொண்டார்கள். இளவரசர் ஆல்பர்ட்டின் பாட்டி கொடுத்த, மிர்ட்டில் என்ற நறுமணச் செடியின் கொத்திலிருந்து ஒரு கிளை, ஐல் ஆஃப் வைட் தீவில் ஆஸ்பர்ன் மாளிகையில் வேர்பிடித்தது. மகாராணியின் மூத்த மகள் 1858-ல் மணமானபோது மிர்ட்டில் பிடித்தாள், 2011-ல் இளவரசர் வில்லியமை மணந்த கேட் மிடில்டன் கொத்திலும் அது இருந்தது. கல்லறைகளில், காம்பு ஒடிந்த மொட்டைச் செதுக்கியிருந்தால் அடியில் குழந்தை என்று எழுத்துத் தெரியாதவருக்கும் புரிந்தது.

ஓவியத்திலும் இந்தப் பேச்சு உண்டு. ஓவியர் மில்லே 1851-52-ல் வரைந்த, ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் நீரில் மூழ்கிச் சாகும் ஒஃபீலியாவின் கழுத்தில் வயலட் சரம், பக்கத்தில் டெய்சி, கை அருகே ஒரு சிவப்புப் பாப்பி. ஷேக்ஸ்பியர் காட்சியில் பாப்பி கிடையாது. உறக்கத்துக்கும் சாவுக்கும் உரிய பூ என்பதால் ஓவியர் தானே சேர்த்தார். சரேயில் ஓர் ஆற்றங்கரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்ததால், ஒரே நேரத்தில் பூக்காத பூக்கள் எல்லாம் ஒரே படத்தில் சேர்ந்து பூத்திருக்கின்றன.

எனக்குப் பிடித்தவை இரண்டு. முன்னாள் பிரதமர் டிஸ்ரேலி 1881 ஏப்ரல் 19 அன்று 76 வயதில் இறந்தார். மகாராணி பிரிம்ரோஸ் மலர்வளையம் அனுப்பி, அவருக்குப் பிடித்த பூக்கள் என்று எழுதியிருந்தார். ('அவருக்கு' என்று ராணி சொன்னது ஆல்பர்ட்டைத்தான் என்று வாதாடியவர்களும் உண்டு.) அகராதிப்படி பிரிம்ரோஸ் இளம்பருவம். யாரும் அதைப் புரட்டவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் ஏப்ரல் 19 வந்தால் ஆதரவாளர்கள் சட்டையில் பிரிம்ரோஸ் குத்திக்கொண்டார்கள். 1883-ல் அந்தப் பெயரிலேயே அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஆதரவான அமைப்பு ஒன்று தொடங்கியது. பூவைப் பார்த்தாலே யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, 1892 பிப்ரவரியில் ஆஸ்கர் வைல்டின் நாடக அரங்கேற்றம். சில நண்பர்களைப் பச்சைச் சாயம் ஏற்றிய கார்னேஷனைக் கோட்டில் குத்திக்கொண்டு வரச் சொன்னார். இயற்கையில் இல்லாத நிறம், எந்தப் பட்டியலிலும் இல்லாத பூ. பிறகு அது ஆண்களை நேசிக்கும் ஆண்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும் அடையாளம் என்று பேசப்பட்டது. பேசினால் சிறை என்ற நிலையில் இருந்தவர்களுக்கு, அச்சடித்த அர்த்தம் எதுவும் இல்லாத பூதான் உபயோகப்பட்டது.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். 'சரியான பட்டியல்' என்று ஒன்று இல்லை, எனவே தேடுவதை விட்டுவிடுங்கள். இருவரும் ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளை வைத்திருப்பதாக எழுதலாம், அவன் அவளுக்குப் பிறந்தநாளுக்குக் கொடுத்தது என்றால் இயல்பாக இருக்கும். அல்லது இருவரிடமும் வேறு வேறு புத்தகம். நான் எழுதினால் இதைத்தான் எடுப்பேன், மேலே சொன்ன மஞ்சள் ரோஜாக் குழப்பத்துக்கு இடம் கிடைக்கும். அவர்களுக்குள் மட்டும் நடந்த ஏதோ ஒன்றால் ஒரு பூவுக்கு அர்த்தம் வந்துவிடுவதும் நம்பும்படி இருக்கும். அப்புறம் மாதத்தைப் பார்த்துப் பூவைத் தேர்ந்தெடுங்கள், இங்கிலாந்தில் ஜூனுக்கு முன்னால் தோட்டத்து ரோஜாவை எதிர்பார்க்காதீர்கள். 1860 என்பதால் ஷோபெர்லின் மொழிபெயர்ப்பு அவர்கள் கையில் இருக்கலாம். கிரீனவே புத்தகத்தை மட்டும் நாயகியின் மேசையில் வைத்துவிடாதீர்கள், அந்த வருடம் கிரீனவேக்கே 14 வயதுதான்.